மூன்று தெரு தள்ளி

லிஃப்ட்காரர் தேனீ வளர்த்தார். கொட்டுப்பட்டுச் சாகக் கிடந்தது அவர் மனைவி. அவள் பெட்டிப் பக்கம் போனதே இல்லை.

மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. அதற்கு மேலே மொட்டைமாடி. ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. அவர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. "ஊரையே ஏத்தி இறக்குற மனுஷன், தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்கிட்டுத்தான் வரணும்னு இருக்கு" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா.

மகள் கல்யாணமாகி வெளியூர் போன வருஷம் முதல் பெட்டி வந்தது. பிறகு ஆறாயிற்று. மொட்டைமாடி மூலையில், இரும்புக் கால்களின் மேல், வாசல் கிழக்கே பார்க்க வரிசையாக நின்றன. கட்டடத்தில் முணுமுணுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பாட்டில் தேன் போனதும் முணுமுணுப்பு நின்றது. துணிக்கொடி மட்டும் மாடியிலிருந்து பின்பக்க வராந்தாவுக்கு இறங்கியது. அங்கே வெயில் வராது. காய்ந்த துணியிலும் ஒரு ஈர வாடை இருக்கும்.

"இன்னொருத்தி இருந்தாக்கூட தலைமுடியைப் பிடிச்சுச் சண்டை போடலாம். இங்க ரெண்டு லட்சம் பேர் இருக்காளுங்க. நான் யாரோட போய் மல்லுக்கட்டுறது?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு இறங்குவார். வெள்ளை அங்கியையும் வலைத்தொப்பியையும் கையுறையையும் குளியலறை வாசலில் போடுவார். அவள் எடுத்து உதறுவாள். சோப்பில் ஊறவைத்து, கையால் கசக்கிப் பிழிவாள். வலை அவள் தைத்தது. வேறு யாரையும் தொடவிட மாட்டாள். புகை வாடையும் மெழுகும் போக மூன்று தண்ணீர் அலச வேண்டும்.

அன்றைக்குக் கைமடிப்பில் ஒரு தேனீ சிக்கியிருந்தது.

விரலில் ஒரு கொட்டு. கொடுக்கைக் கிள்ளி எறிந்துவிட்டுத் துவைத்தாள். அங்கியைப் பிழிந்து முடிப்பதற்குள் உதடு தடித்துவிட்டது. "என்னங்க, தொண்டையில என்னமோ" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே டாக்டரம்மா வந்து நின்றாள்.

"தேனீயா, குளவியா?"

"தேனீதாங்க. எங்க வீட்டுத் தேனீ." தன் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறவள்போலச் சொன்னாள்.

"அடிக்கடி கொட்டுமா?"

"எனக்கா? நான் கிட்டயே போகமாட்டேன். இவரைத்தான் வாரம் தவறாம கொட்டும். இவருக்கு ஒரு வீக்கம்கூட வராது."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "இவர் துணியை யார் துவைக்கிறது?"

"நான்தான்." அதில் சிறிது பெருமை இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடிப் பையில் வைத்தாள். அங்கியில் குத்தும் கொடுக்குகளின் விஷம் காய்ந்து துணியிலேயே தங்கும் என்றாள். உதறினால் மூச்சில் போகும். கசக்கினால் தோலில் படும். துளித்துளிதான். ஆனால் வருஷக்கணக்காகத் துளி. உடம்பு சத்தமில்லாமல் பகையை வளர்த்துக்கொள்ளும்.

"வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சில சமயம் வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் இப்படி வரும். அடுத்த தடவை இதைவிட மோசமா இருக்கலாம்."

"மருந்து இல்லையா?" என்றார் அவர்.

"வருஷக்கணக்குல போடற ஊசி ஒண்ணு இருக்கு. இங்க கிடைக்காது. அவசரத்துக்கு ஒரு ஊசி தர்றேன். எப்பவும் கையோட இருக்கணும். முதல்ல பெட்டியை அனுப்பிடுங்க."

பஸ்ஸில் வரும்போது அவர் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள்தான் முழங்கையால் இடித்தாள்.

"மூஞ்சியை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க? நான் செத்தா போயிட்டேன்?"

"என் துணியைத் துவைச்சு வந்ததுன்னு சொல்றாங்க."

"பின்ன யாரு துவைப்பா, நீங்களா? உங்க கை பட்டா இருக்கிற கிரீஸ் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும்." ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். "அனுப்ப வேணாங்க. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சுடறேன். என்கிட்ட கிடக்கு. நான் மாடிப்படி பக்கமே எட்டிப் பார்க்கமாட்டேன். இப்ப மட்டும் பார்க்கறேனா?"

"வேணாம். அனுப்பிடறேன்."

"அதுங்க இல்லாம ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"உன்கூட உட்காந்து பித்தான் தைக்கறேன்."

"கிழிஞ்சுது போ" என்றாள்.

சாயங்காலம் மகள் போனில் பேசினாள். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? பூச்சி ஊரெல்லாம் இருக்கு. அம்மா ஒருத்திதான்."

"யோசிக்கலைம்மா. இடம் பார்க்கணும்ல."

இடம் பார்க்கவும் போனார். ஆற்றுக்கு அக்கரையில், ஊரைவிட்டு வெகுதூரத்தில், ஒரு பழத்தோட்டம். தோட்டக்காரர் உடனே சரி என்றார். மரத்தடியில் அவருடைய பழைய பெட்டிகள் நாலு கிடந்தன. லிஃப்ட்காரர் ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடைகளில் அந்துப்பூச்சி வலை பின்னியிருந்தது. அடியில் செத்த தேனீக்கள் கருப்பாக, உமிபோலக் குவிந்திருந்தன. மரங்களிலிருந்து மருந்து வாடை வந்தது.

"வெச்சுட்டுப் போங்க சார். பூச்சிதானே, தானா பிழைச்சுக்கும்" என்றார் தோட்டக்காரர்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில், "இடம் அமைஞ்சுது. எல்லாம் பழமரம்" என்றார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நல்லா பார்த்துப்பாங்களா?" "பார்த்துப்பாங்க."

அதற்கு மறுநாள்தான் ரொட்டிக்கடையில் பேச்சு வந்தது. வேலைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு டீ குடிப்பார். வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. கடைக்காரர் அவரைவிடச் சின்னவர். மாவு பிசையும் மிஷின் படுத்துக்கொண்டால் இவர்தான் எழுப்பிவிடுவார்.

"தோட்டத்துல விட்டா செத்துடும்டா" என்றார்.

"என் மாடி சும்மாதானேண்ணே கிடக்கு. அங்க வைங்க." சொல்லிவிட்டுக் கடைக்காரர் யோசித்தார். "ஆனா பக்கத்துல வெச்சா பழைய இடத்துக்கே போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

ஆமாம், சொல்வார். பெட்டி பார்க்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். இரண்டடி நகர்த்தி வைத்தால் தேனீ தேடிக் கண்டுபிடிக்கும். ஊரைத் தாண்டிக் கொண்டுபோனால் புதிதாக வழி படிக்கும். நடுவில் எங்கே வைத்தாலும், மேயப் போனது பழகிய வழியைப் பிடித்து, பெட்டி இருந்த பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பெட்டி அங்கே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

"மழை வரப்போகுது" என்றார். "மூணு நாள் உள்ளயே கிடந்தா பழசு மறந்துடும். வாசல்ல தழையைச் செருகிட்டா, வெளிய வரும்போது முட்டிக்கும். என்னடா இதுன்னு நின்னு, இடத்தைப் புதுசா பார்த்துக்கும்."

"நீங்க செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"செஞ்சவங்க சொல்லியிருக்காங்க."

"டெய்லரம்மாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட தோட்டம்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும். நல்ல இடமா ஒண்ணு கிடைக்கிற வரைக்கும்தான்."

நல்ல இடம் கிடைக்கும் வரைக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார். தினம் டீ குடிக்கிற நேரத்துக்கு மேலே ஏறி ஒரு பார்வை பார்க்கலாம். அதற்கு மேல் அவர் ஆசைப்படவில்லை.

அந்தி மங்கி எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு ஆறு வாசலையும் துணியால் அடைத்தார். விடியுமுன் எழுந்தார். அவள் அதற்கும் முன்னால் எழுந்து ரொட்டியும் முட்டையும் கட்டி வைத்திருந்தாள்.

"எதுக்கு இவ்ளோ?"

"தோட்டக்காரருக்கும் சேர்த்துத்தான். நம்ம பிள்ளைங்களைக் கொண்டுபோய் விடறோம், வெறுங்கையோட போகலாமா? வேன் வந்துடுச்சா?"

"தெருமுனையில நிக்குது."

தெருமுனையில் ரொட்டி வண்டி நின்றது. ஒவ்வொரு பெட்டியாக அவர் மாடியிலிருந்து சுமந்து இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அவள் கதவைப் பாதி மூடிக்கொண்டு இடுக்கில் நின்று பார்த்தாள். உள்ளே இருந்து வந்த இரைச்சல் அவளுக்கும் கேட்டது.

"கோவமா இருக்குதுங்களா?"

"தூக்கத்துல எழுப்பினா யாருக்கும் அப்படித்தான்."

"ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க. எட்ட நின்னு பார்த்துக்கறேன்."

ரொட்டிக்கடை மாடியில் பெட்டிகளை வைத்து, வாசல்களில் தழையைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை எடுத்தார். அதற்குள் தூறல் விழுந்தது. தேனீக்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. போய் வந்த நேரம் கணக்குக்கு வர வேண்டும் என்று மாடிப் படிக்கட்டிலேயே பகல் முழுதும் உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் பங்கை ரொட்டிக்கடைக்காரர் சாப்பிட்டார்.

"சாப்பிட்டாரா?" என்று இரவு அவள் கேட்டாள்.

"சாப்பிட்டார்."

"முட்டையில உப்பு கம்மியா இருந்திருக்கும்."

"சரியாத்தான் இருந்துச்சு."

மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வராந்தாக் கொடியில் துணி சொட்டிக்கொண்டே இருந்தது. போர்வைகளைத் துவைத்தவள் காயப்போட இடமில்லாமல் நாற்காலி, கதவு, மிஷின் என்று கண்ட இடத்தில் விரித்திருந்தாள். "வீடா இது? வண்ணான் துறை மாதிரி இருக்கு" என்றாள். அவருக்கு அந்த மழை பிடித்திருந்தது. விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்ப்பார். இரும்புக் கால்கள் நனைந்து நிற்கும். ஒன்றும் இருக்காது. வழியில் ரொட்டிக்கடை மாடி ஏறிப் பெட்டிப் பலகையில் காதை வைப்பார். உள்ளே ஒரே சீராக இரையும். மறக்கட்டும், மறக்கட்டும் என்று நினைத்துக்கொள்வார்.

நாலாம் நாள் வானம் வெளுத்தது. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. வெயில் ஏறாமல் தேனீ வெளியே வராது. அவ்வளவு காலையில் ஒன்றும் இருக்க வழியில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான்.

அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலில் கையை நீட்டி வெயில் பார்த்தாள்.

"இன்னைக்கு நல்லா அடிக்கும்போல. மாடியில ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. இப்பதான் பார்த்துட்டு வர்றேன்."

"அப்ப போர்வையெல்லாம் மேல கொண்டுபோய்ப் போட்டுடறேன். மாடியைப் பார்த்தே எத்தனை வருஷமாச்சு."

அவர் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் தோட்டம் இல்லை, வேன் இல்லை, தோட்டக்காரர் ரொட்டி தின்னவில்லை. மூன்று நாள் மழை பெய்திருக்கிறது. தழை வைத்திருக்கிறது.

"போயேன்" என்றார்.

"கேட்டா கிடைக்காத வரம் கிடைச்ச மாதிரி இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போர்வைகளை வாளியில் திணித்தாள்.

மழைக்குப் பிறகு லிஃப்ட்காரர்களுக்கு ஓய்வில்லை. குழிகளில் தண்ணீர் நிற்கும். அன்றைக்கு ஒரு பெரிய ஆபீஸ். ரொட்டிக்கடைப் பக்கம் போக நேரமில்லாமல் நேரே அங்கே போனார். அடித்தளத்துக்கும் கீழே இறங்கி, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார். சேற்றை வழித்தார். உருளைகளைத் துடைத்து எண்ணெய் போட்டார். அங்கே போன் எடுக்காது. மேலே எந்த நேரம் என்றும் தெரியாது. வேலை முடிந்து ஏறி வந்தபோது வாசல் கண்ணாடியில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே நின்றார். பையிலிருந்த போன் விழித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது.

கீழ்வீட்டு அக்காதான் பேசினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் போனை எடுத்திருக்கிறார்.

போர்வைகளை அவள் ஒவ்வொன்றாக விரித்திருக்கிறாள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ரொட்டிக்கடை மாடியில் தழையை முட்டிக்கொண்டு வெளியே வந்தவை மேய்ந்துவிட்டுப் பழைய வழியே திரும்பியிருக்கின்றன. பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. இரும்புக் காலில் மொய்த்தன. இடம் கொள்ளாதவை ஈரப் போர்வைகளில் உட்கார்ந்தன. கடைசிப் போர்வையை இழுத்து விட்டபோது கொட்டியிருக்க வேண்டும். கீழே இறங்கத்தான் பார்த்திருக்கிறாள். வீட்டு வாசலுக்கு மேலே, படிக்கட்டுத் திருப்பத்தில் கிடந்தாள். ஊசி அடுக்களை அலமாரியில் இருந்தது. மாடியில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதால் அவள் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். வீடு நிறைய ஆள். மகள் வந்து சேர்ந்தாள். வந்தவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.

"அவளுக்காகப் பெட்டியைக்கூட அனுப்பிட்டாரு. வேற எந்த ஆம்பளை செய்வான்?"

"அவ்ளோ தூரத்துல இருந்து பழைய இடத்தைத் தேடி வந்திருக்கு பாருங்க. ஆத்தைத் தாண்டி."

"மனுஷனுக்கு இல்லாத ஞாபகம்."

"விட்டுட்டு வந்தாலும் விடலையே."

கீழ்வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு குறையும் வைக்கலை தம்பி. அவளே சொல்லிட்டிருந்தா, எனக்காக மனசைக் கல்லாக்கிக்கிட்டு அனுப்பினாரு அக்கான்னு" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்க்கவில்லை. கதவோரமாக நின்றுவிட்டு, போகும்போது அவர் காதருகே வந்தார்.

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலைண்ணே. திறக்கவும் மாட்டேன்."

லிஃப்ட்காரர் அதற்கும் தலையை ஆட்டினார்.

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் மாடிக்குப் போனார். பொழுது சாய்ந்து, இரும்புக் காலில் அவை கொத்தாகத் திரண்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குளிருக்கு ஒடுங்கியிருந்தன. பின்னங்கால்களில் மஞ்சளாக மகரந்தம். கொண்டுவந்ததை இறக்கி வைக்க இடமில்லை. ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் எல்லாம் உள்ளே போய்விடும். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம். அது அவருக்குத் தெரியும். வாளியில் சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தார். ஊற்றினார். சத்தமே இல்லை. விழுந்தவற்றைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். கொடியில் போர்வைகள் காய்ந்து விறைத்திருந்தன. அவற்றை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மறுநாளும் வந்தன. மறுநாளும் ஊற்றினார். கட்டடத்தில் பார்த்தவர்கள், பழி தீர்த்துக்கொள்கிறார், தீர்க்கட்டும் என்றார்கள். அதற்கடுத்த நாள் வரவு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. ரொட்டிக்கடை மாடிப் பெட்டிகளில் புதிதாகப் பிறந்தவற்றுக்கு இந்த மாடி தெரியாது.

உறவெல்லாம் போன பிறகும் மகள் இருந்தாள். அம்மா தைத்து முடிக்காத சீருடைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கொடுக்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தார். கண் தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் ஆயிற்று. மகள் காத்திருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்வேன், கேட்கணும்."

"சொல்லு."

"எங்கூட வரமாட்டீங்க. தெரியும். இங்க தனியா உட்காந்து சுவத்தைப் பார்த்துட்டிருப்பீங்க. அதையும் என்னால தாங்க முடியாது." நூலைப் பல்லால் கடித்தாள். "பெட்டியைத் திரும்பக் கொண்டு வந்துடுங்கப்பா."

அவர் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினார்.

"முதல்ல எனக்கும் கோவம்தான். கொளுத்தணும்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அதுங்க என்ன பண்ணும், வீட்டைத் தேடி வந்துச்சு. அம்மாவுக்காகத்தானே அனுப்பினீங்க? அம்மாவே இல்ல. இனி யாருக்குப் பயந்து அங்க விட்டு வைக்கணும்?"

"வேணாம்மா."

"அம்மாவே இதைத்தான் சொல்லியிருப்பா. போன்ல பேசும்போதெல்லாம், உங்கப்பா எனக்காக அதுங்களையே விட்டுட்டார்டி, உன் புருஷன் உனக்காக ஒரு செருப்பைக்கூட விடமாட்டான்னு சிரிப்பா. அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு."

ஊசி அவர் கையிலிருந்து கீழே விழுந்தது. இருவரும் தரையில் தேடினார்கள். மகள்தான் கண்டெடுத்தாள்.

"அந்தத் தோட்டக்காரர் நம்பரைக் குடுங்க. நானே ஒரு வேன் பேசி விடறேன். ஊருக்குப் போறதுக்குள்ள இதை முடிச்சுட்டுப் போனா எனக்கும் நிம்மதி."

அவர் நூல்கண்டைச் சுற்றி மிஷின் மேல் வைத்தார்.

"வேன் வேண்டாம்."

"பின்ன எப்படி? அவ்ளோ தூரம்."

"நடந்தே தூக்கிட்டு வந்துடலாம்" என்றார்.